நிறைவுறாதவை

கென்ட் ரிட்ஜ் மேட்டில், நான்காம் மாடியில்,
வெள்ளி இரவே நின்றிருக்கிறது குளிரறை.
எச்சரிக்கை யாருடைய கைபேசிக்கோ போயிருக்கிறது;
அவர் வேலையை விட்டுப் போய் ஒரு மாதம்.
ஞாயிறு மாலை நான் கதவைத் திறந்தபோது
நான்கு டிகிரி இருக்க வேண்டிய இடத்தில்
சிங்கப்பூர் இருந்தது.

தட்டுகளில் நூற்றிருபது விதைகள்.
கடுகுக் குடும்பம்தான், ஆனால் தாளிக்க உதவாது.
தும்மினால் பறந்துவிடும் அளவு,
தமிழில் யாரும் பெயர் வைக்காத களை.
பாதி, பனி கொட்டும் ஒரு வடகரையிலிருந்து.
பாதி, வெயில் காயும் ஒரு தீவிலிருந்து.
ஒரே இனம். மணம் முடித்தால் பிள்ளை பிறக்கும்.
கொண்டுவந்த எண்ணெய் மட்டும் வேறு.

விதைக்குள் இருப்பது கட்டுச்சோறு.
இலை விரித்து வெளிச்சம் உண்ணும் நாள்வரை
தாய்ச்செடி கட்டிக்கொடுத்த அளவுதான்.
தீவின் மூட்டையில் நிறைவுற்ற கொழுப்பு கூடுதல்:
நேரான சங்கிலிகள், நெருக்கி அடுக்கலாம்,
எரித்தால் சூடு அதிகம்,
குளிர்ந்தால் கல்.
வடக்கின் மூட்டையில் நிறைவுறாதது:
சங்கிலி நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு,
பேருந்து இருக்கையில் கால் நீட்ட இடமில்லாதவனின்
முழங்கால்போல் அங்கே ஒரு மடிப்பு.
அடுக்க வராது, அதனால் லேசில் உறையவும் வராது.
சோறு சற்றுக் குறைவு,
பனிக்காலத்திலும் கரண்டியில் வரும்.

யாரும் யோசித்துச் செய்ததில்லை இது.
கட்டியாய்ப்போன சோற்றோடு
மார்ச் மாதத்து ஈரமண்ணில் விழித்தவை
அதிகம் பிள்ளை விடவில்லை. அவ்வளவுதான் கணக்கு.
எத்தனை ஆயிரம் மார்ச் என்பதுதான் தெரியாது.

பழுது பார்க்க வந்தவர் மொஃபிசுல்,
சிராஜ்கஞ்ச்காரர், கட்டுமானத் தளத்தில் பழகிய தமிழ்.
விளக்கறையில் பூத்திருந்த நான்கு தொட்டிகளைப் பார்த்து
"ஷோர்ஷே" என்றார். பிறகு எனக்காக, "கடுகு, அக்கா."
கடுகுதான், ஆனால் உங்கள் ஊர் எண்ணெய் இதில் வராது என்றேன்.
பதினெட்டுக் கரியணுவை இரண்டிரண்டாய் நீட்டி
இருபத்திரண்டாக்கும் நொதி ஒன்று உண்டு.
இந்தச் செடியில் அதை எழுதும் இடத்தில் ஓர் எழுத்து மாறிவிட்டது,
மரம் மறமானதுபோல.
பதினெட்டிலேயே நின்றுவிடும்.

கம்ப்ரசரில் காதை வைத்தபடியே கேட்டார்:
"அப்போ ஜனவரியில் உறையுமா?
எங்க வீட்டில் கடுகெண்ணெய் உறையாது.
தேங்காயெண்ணெய்தான் உறையும்."

என் மேசை இழுப்பறையில் ஒரு புட்டி தேங்காயெண்ணெய்.
அலுவலக ஏர்கானில் வாரமெல்லாம் அது மெழுகு.
மூன்று ஆண்டாய் அக்குளில் இடுக்கி உருக்கியிருக்கிறேன்;
ஒருமுறைகூட அதை
என் ஆய்வுத் தலைப்போடு சேர்த்துப் பார்த்ததில்லை.
காட்டலாம் என்று ஓடிப்போய் எடுத்துவந்தேன்.
ஞாயிறு. ஏர்கான் இல்லை.
தண்ணீராய் இருந்தது.

"இது உறையாது" என்றேன், தொட்டிகளைக் காட்டி.
"ருசி?"
"அதை இங்கே அளப்பதில்லை."

அவர் ஸ்பேனர் எடுக்கக் கீழே போன இடைவெளியில் எண்ணினேன்.
தீவு: அறுபதில் நாற்பத்தொன்று வேர் நீட்டியிருந்தன.
வடகரை: இருபத்துமூன்று.
பெய் ஷானை அழைத்துச் சொன்னேன்.
"கழுவிவிடு. கெட்டுப்போன குளிரறை சோதனை ஆகாது."
சரிதான். ஒரே ஒரு வாரக்கடைசி.
ஒரு தட்டில் ஈரம் கூடியிருக்கலாம்,
ஒரு விதை பழையதாய் இருந்திருக்கலாம்,
நான் ஆசைப்பட்டு எண்ணியிருக்கலாம்.

பதிவேட்டில்: இருபத்தெட்டு டிகிரி,
ஏறக்குறைய நாற்பத்தெட்டு மணி நேரம். காரணம், கம்ப்ரசர்.
ஓரத்தில், பென்சிலில், இரண்டு எண்கள்.

பதினொன்றரைக்குக் குளிர் திரும்பியது.
மொஃபிசுல் உள்ளே நின்று வாயால் ஊதிப் பார்த்தார்,
மூச்சு வெள்ளையாய் வந்தது. "நல்லா இருக்கு" என்று
இன்னொரு முறை ஊதினார்.

அவர் போனபின் தட்டுகளைக் கழுவினேன்.
வேர்கள் நூலைவிட மெலிது; விரலில் ஒட்டியதே தெரியவில்லை.
துடைத்த பிறகு மட்டும்
கொஞ்சம் வழுவழுப்பு.